அத்தானுக்கு ரத்தப் புற்றுநோய், ஏத்துறது பாஷாணம்னு சொல்றாவ. வேலூர் டாக்டரோட ஆராய்ச்சி படிச்சவங்க இருந்தா சொல்லுங்க

கடலோரக்காரி

எல்லாருக்கும் வணக்கம். நான் குளச்சல் பக்கம். எங்க அக்கா வீட்டுக்காரருக்கு ரத்தப் புற்றுநோய்னு சொல்லிட்டாவ. வள்ளத்துல போறவரு, நல்ல உடம்பு, ஒரு தலைவலின்னு கூட படுத்தது கிடையாது. திடீர்னு பல்லு வெளக்கும்போது ஈறுல ரத்தம் வந்தா நிக்கவே மாட்டேங்குது, அடி எதுவும் படாமலே தொடையில, முழங்கைல எல்லாம் நீலப்பாடு, அதோட காய்ச்சல். மழைக்காலம்ங்கிறதால டெங்குவா இருக்கும்னு நினைச்சு பக்கத்துல ஒரு கிளினிக்ல காட்டுனோம், இடுப்புல ஒரு ஊசி போட்டு விட்டாவ, மறுநாள் பாத்தா ஊசி போட்ட இடம் உள்ளங்கை அகலத்துக்கு கருநீலமா கல்லு மாதிரி வீங்கி நிக்குது. பயந்துபோய் ராத்திரியோட ராத்திரியா திருவனந்தபுரம் கொண்டுபோனோம். அங்க எலும்பு மஜ்ஜை எடுத்துப் பாத்துட்டு ஏபிஎல், அக்யூட் ப்ரோமைலோசைட்டிக் லுகேமியான்னு சொன்னாவ.

இப்ப பிரச்சனை என்னன்னா ஆர்சனிக் ஏத்துறாவ. ஆர்சனிக்னா பாஷாணம் தானேன்னு யாரோ மாமிட்ட சொல்லிட்டாவ, அவிய ஒரே அழுகை, பிள்ளைக்கு விஷம் ஏத்துறாங்களேன்னு. வார்டுல ஒரு டாக்டர், வேலூர்லயே இதப்பத்தி பெரிய ஆராய்ச்சி நடந்திருக்கு, தைரியமா இருங்கன்னாரு, அதுக்கு மேல கேக்க நேரம் கிடைக்கல. அது என்ன ஆராய்ச்சி? இன்னொண்ணு, எங்க ஊர்ல பத்துல எட்டு பேரு கடற்கரை மணல்ல இருக்கிற கதிர்வீச்சு தான் காரணம்ங்கிறாவ. அதுவும் தெரிஞ்சா சொல்லுங்க.

ஸ்லைடு பாக்கிறவன்

தங்கச்சி, நான் நாகர்கோவில்ல லேப்ல இருக்கேன், ரத்த ஸ்மியர், அதாவது ரத்தத் துளிய கண்ணாடில தேச்சு மைக்ராஸ்கோப்புல பாக்கிறது தான் தினசரி வேலை. நீங்க கேட்ட வேலூர் ஆராய்ச்சிய செஞ்சது டாக்டர் விக்ரம் மேத்யூஸ், வேலூர் சிஎம்சி ஹெமட்டாலஜி, அதாவது ரத்த நோய்ப் பிரிவு, பின்னால அந்த காலேஜுக்கே டைரக்டர் ஆனவரு. அந்த கட்டுரைகள நான் படிச்சிருக்கேன், கொஞ்சம் விரிவாவே சொல்லுகேன், மாமிக்கும் வாசிச்சு காட்டுங்க.

முதல்ல நோய் என்னன்னு பாப்போம். நம்ம மஜ்ஜையில வெள்ளணு படிப்படியா வளந்து தான் ரத்தத்துக்கு வரும். இந்த நோயில ப்ரோமைலோசைட்டுங்கிற பருவத்தோட அது நின்னு போகுது, வயலுக்குப் போகாம நாத்தங்கால்லயே மண்டிப்போன நாத்து மாதிரி. காரணம் 15ஆம் குரோமோசோம்ல ஒரு துண்டும் 17ல ஒரு துண்டும் இடம் மாறி ஒட்டிக்கிறது, இத 1977ல சிகாகோல ஜேனட் ரவுலி கண்டுபிடிச்சாங்க. ஒட்டுன இடத்துல பிஎம்எல்-ராரான்னு ஒரு புது புரதம் உண்டாகும், அது தான் வளர்ச்சிய பூட்டிப் போடுது. மைக்ராஸ்கோப்புல பாத்தா அந்த செல்லுக்குள்ள ஆவர் ராடுன்னு செவப்பு ஊசிங்க கட்டு கட்டா விறகு அடுக்கினது போல கிடக்கும், ஒரு தடவை பாத்தவனுக்கு மறக்காது. அந்த செல்லு சும்மாவும் இருக்காது, ரத்தம் உறையுற முறையையே கெடுத்துரும். ஈறுல கசிஞ்சதும் ஊசி போட்ட இடம் வீங்கினதும் அதனால தான். 1957ல நார்வேல ஹில்லெஸ்டாட்னு ஒரு டாக்டர் இந்த நோய முதல்ல தனியா பிரிச்சு எழுதும்போது சில வாரத்துல ஆளக் கொல்ற நோய்னு தான் எழுதினாரு.

இப்ப மருந்துக்கு வருவோம். 1985ல ஷாங்காய்ல வாங் ஷென்யி அஞ்சு வயசுப் பிள்ளை ஒருத்திக்கு ஆட்ரா குடுத்துப் பாத்தாரு, அது வைட்டமின் ஏ வழி வந்த மருந்து. பிள்ளை பிழைச்சா. 1988ல 24 பேரோட முடிவ ப்ளட் ஜர்னல்ல போட்டாங்க. இன்னொரு பக்கம் ஹார்பின்ல 1970கள்லயே ஜாங் டிங்டோங்னு ஒருத்தரும் அவரு கூட்டாளிங்களும் நாட்டு மருந்துக் கலவை ஒண்ண எடுத்து, அதுல பாதரசமும் தேரை விஷமும் வேண்டாம், ஆர்சனிக் தான் வேலை செய்யுதுன்னு பிரிச்சுக் காட்டுனாங்க. 1998ல அமெரிக்காவுல நோய் திரும்பி வந்த 12 பேருக்கு குடுத்ததுல 11 பேருக்கு முழு ரெமிஷன், அதாவது டெஸ்ட்ல நோய் தெரியாத அளவுக்கு அடங்கிப் போச்சு, 2000ல அங்க அரசு அனுமதியும் கிடைச்சுது.

அந்த காலத்துல உலகம் பூரா ஆர்சனிக்க நோய் திரும்பி வந்தவங்களுக்குத் தான் வச்சிருந்தாங்க. புதுசா நோய் வந்தவங்களுக்கு ஆட்ராவும் கீமோவும். அந்த செலவு நம்ம நாட்டுல எத்தன பேரால முடியும்? வேலூர்க்காரங்க செஞ்சது என்னன்னா, 1998 ஜனவரில இருந்து 2004 டிசம்பர் வரைக்கும் புதுசா நோய் கண்ட 72 பேருக்கு முதல்ல இருந்தே ஆர்சனிக்க மட்டும் மெயின் மருந்தா வச்சு குடுத்தாங்க. 2006ல ப்ளட்ல வந்துது. 86 சதவீதம் பேருக்கு முழு ரெமிஷன். மூணு வருஷக் கணக்குல உயிரோட இருந்தது 86 சதவீதம், நோய் திரும்பாம ஒரு சிக்கலும் இல்லாம இருந்தது ஏறத்தாழ 75 சதவீதம். வரும்போதே வெள்ளணு 5000க்கு கீழயும் ப்ளேட்லெட் 20,000க்கு மேலயும் இருந்த 22 பேரு இருந்தாங்க, அவங்கள்ல ஒருத்தரையும் அந்த நேரம் வரைக்கும் இழக்கல. ரெமிஷன் வந்த பிறகு படுக்கை தேவையில்ல, வெளிநோயாளியா வந்து ஏத்திட்டுப் போனாங்க. முடி கொட்டி வாய் வெந்து எலும்பும் தோலுமா கிடக்கிற கீமோ இல்லாமலே இது நடந்துதுங்கிறது எனக்கு இப்ப வாசிச்சாலும் பெரிய விஷயமாத் தான் தெரியுது.

2010ல அதே ஆளுகளோட தொடர்ச்சியயும் வெளியிட்டாங்க. அஞ்சு வருஷக் கணக்குல 74 சதவீதம் பேரு உயிரோட, அந்த 22 பேரு குரூப்புல 100. சிலருக்கு நோய் திரும்பத் தான் செஞ்சுது, அதயும் மறைக்காம எழுதியிருக்காங்க. நல்ல முடிவ மட்டும் போட்டுட்டு ஓடாம வருஷக்கணக்கா அதே ஆளுகள பின்தொடர்ந்து போய் பாத்ததால தான் அந்த ஆராய்ச்சிய நான் மதிக்கேன்.

ஆசான் பேரன்

அண்ணே நல்லா சொன்னீங்க, ஆனா ஒரு கேள்வி. எங்க தாத்தா தக்கலை பக்கம் வர்ம ஆசான், வைத்தியரும் கூட. சித்த மருத்துவத்துல வெள்ளைப் பாஷாணமும் அரிதாரமும் மனோசிலையும் எத்தனையோ காலமா இருக்கு, எல்லாம் ஆர்சனிக் சேந்தது தான், சுத்தி செஞ்சு செந்தூரமா பஸ்பமா குடுப்பாவ. அப்ப நம்ம வைத்தியருமாரு இத முன்னாடியே அறிஞ்சிருக்காவன்னு தானே அர்த்தம்? சீனாக்காரன் நாட்டு மருந்துல இருந்து எடுத்தா அது ஆராய்ச்சி, நம்ம ஆசான் குடுத்தா அது மூட நம்பிக்கையா? திருவனந்தபுரத்துல படுக்க வைக்கிறதுக்கு இங்க நல்ல வைத்தியர்ட்ட காட்டலாமேன்னு தோணுது. தப்பா எடுக்காதீங்க.

மருந்துக்கடை மார்த்தாண்டம்

தம்பி, உங்க தாத்தா மேல எனக்கும் மரியாதை உண்டு, எலும்பு முறிவுக்கு எங்க வீட்லயே ஆசான்மாருட்ட போயிருக்கோம். ஆனா இந்த கடைசி வரிய தயவுசெஞ்சு எடுத்துருங்க, யாராவது வாசிச்சிட்டு பேஷண்ட டிஸ்சார்ஜ் பண்ணி கூட்டிட்டுப் போயிருவாவ. ஏபிஎல்ல முதல் ஒண்ணு ரெண்டு வாரத்துல தான் ஆளு போறது, மூளையில ரத்தம் கசிஞ்சு. அந்த நேரத்துல தினமும் ப்ளேட்லெட் ஏத்தணும், உறையுறதுக்கான டெஸ்டு பாத்துப் பாத்து ப்ளாஸ்மா குடுக்கணும். இத எந்த வைத்தியசாலையில செய்ய முடியும்?

அப்புறம் பாஷாணம்னா எல்லாம் ஒண்ணு இல்ல. ஆஸ்பத்திரில குடுக்கிறது சுத்தமான ஆர்சனிக் ட்ரைஆக்சைடு, ஒரு கிலோ எடைக்கு 0.15 மில்லிகிராம், பெரிய ஆளுக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 10 மில்லிகிராம், ட்ரிப்ல ஒரு மணி ரெண்டு மணி நேரமா மெதுவா போகும். இசிஜில க்யூடிங்கிற இடைவெளி நீளுதான்னு பாப்பாங்க, நீண்டா இதயத் துடிப்பு தாறுமாறாகும், அதுக்காக பொட்டாசியம் மெக்னீசியம் குறையாம வச்சிருப்பாங்க. பொடியா மடிச்சுத் தர்ற மருந்துல எவ்வளவு ஆர்சனிக் இருக்குன்னு குடுக்கிறவருக்கும் தெரியாது, வாங்கிறவருக்கும் தெரியாது. மேற்கு வங்காளத்துல குழாய்க்கிணத்துத் தண்ணில இருந்த ஆர்சனிக்க வருஷக்கணக்கா குடிச்சு தோல் தடிச்சு புற்றுநோயே வந்திருக்கு. அதே பொருள் தான்.

சீனாக்காரங்க நாட்டு மருந்த விட்டுறல, அதயும் சொல்லணும். மனோசிலை சேந்த மாத்திரை ஒண்ண 242 பேருகிட்ட, பாதிப் பேருக்கு மாத்திரை பாதிப் பேருக்கு ட்ரிப்புன்னு குலுக்கிப் பிரிச்சுக் குடுத்து பாத்தாங்க. 2013ல வந்துது. ரெண்டு வருஷத்துல நோய் திரும்பாம இருந்தது மாத்திரை குரூப்புல 98 சதவீதம், ட்ரிப் குரூப்புல 95.5. நம்ம சித்த மருந்தயும் இப்படி ஆளு எண்ணி, அளவு பாத்து, செத்தவங்களயும் கணக்குல சேத்து எழுதட்டும், முதல் ஆளா நான் கடையில வாங்கி வைப்பேன்.

ஆசான் பேரன்

சரி அண்ணாச்சி, அந்த வரிய வாபஸ் வாங்கிக்கிறேன். ஆஸ்பத்திரிய விட்டு வரச் சொல்றது என் நோக்கம் இல்ல. ஆனா நம்ம ஊர் ஏட்டுல இருக்கிறத யாரும் எடுத்து சோதிக்க முன்வரல்லங்கிற வருத்தம் இருக்கத் தான் செய்யும்.

ஸ்லைடு பாக்கிறவன்

அந்த வருத்தம் எனக்கும் உண்டு தம்பி. ஹார்பின்ல நடந்தது அது தான், கலவைய மதிச்சாங்க, ஆனா கண்ண மூடிட்டு மதிக்கல, எது வேலை செய்யுது எது சும்மா கிடக்குன்னு ஒவ்வொண்ணா கழிச்சுப் பாத்தாங்க. ஆர்சனிக் செல்லுக்குள்ள போய் பிஎம்எல் பக்கத்துல ஒட்டி அந்தப் புரதத்தையே கரைச்சு அழிக்குதுன்னு பின்னால விளங்குச்சு. ஆட்ரா ராரா பக்கத்துல வேலை செய்யுது. ஒரே பூட்ட ரெண்டு பக்கமும் உடைக்கிறதால தான் ரெண்டயும் சேத்து குடுக்கிறது. 2013ல இத்தாலி லோ-கோகோ குழு நியூ இங்கிலாந்து ஜர்னல்ல அத போட்டாங்க, வெள்ளணு 10,000க்கு மேல போகாத நோயாளிங்களுக்கு ஆட்ராவும் ஆர்சனிக்கும் மட்டும், கீமோ இல்லாம. ரெண்டு வருஷத்துல 97 சதவீதம் பேரு எந்த சிக்கலும் இல்லாம இருந்தாங்க, ஆட்ரா கூட கீமோ வாங்கினவங்கள்ல 86.

அதனால தங்கச்சி, அத்தானுக்கு ட்ரிப்போட ஆட்ரா கேப்சூலும் தர்றாங்களான்னு பாருங்க, அனேகமா தருவாங்க. வேலூர் முறை ஆர்சனிக் மட்டும் வச்சு நின்னது கையில காசில்லாத நோயாளிய மனசுல வச்சு. இன்னைக்கு ரெண்டும் கிடைச்சா ரெண்டும் தான் நல்லது.

மணவாளக்குறிச்சி 1909

மணல் விஷயத்த யாரும் தொடலையே. எங்க ஊர் மணல்ல மோனசைட் இருக்குன்னு 1909லயே ஷோம்பர்க்னு ஜெர்மன்காரன் கண்டுபிடிச்சான், அதுல தோரியம், தோரியத்துல கதிர்வீச்சு. சின்னவிளை, பெரியவிளை, கடியபட்டணம்னு எந்த தெருவுல கேட்டாலும் ஒரு வீட்ல கேன்சர் இருக்கு. கதிர்வீச்சுனா லுகேமியா வரும்னு ஹிரோஷிமால பாத்தாச்சு. அப்ப எதுக்கு சுத்தி வளைக்கணும்? அந்தக்கா அத்தானுக்கும் அது தான் காரணம், எழுதி வச்சுக்கோங்க.

ஸ்லைடு பாக்கிறவன்

மக்கா, உங்க கோவம் எனக்குப் புரியுது, ஆனா ஒரு ஆளுக்கு வந்த லுகேமியாவுக்கு இது தான் காரணம்னு யாராலயும் எழுதி வைக்க முடியாது, அந்த செல்லுல கையெழுத்து ஒண்ணும் இருக்காது.

நம்ம மணலுக்கு சொந்தக்கார மணல் தான் கொல்லம் மாவட்டம் கருநாகப்பள்ளியிலயும். அங்க திருவனந்தபுரம் ஆர்சிசி, அதாவது மண்டல புற்றுநோய் மையத்துக்காரங்க வீடு வீடா போய் கதிர்வீச்ச அளந்து, ஆளுகள வருஷக்கணக்கா பின்தொடர்ந்து கணக்கெடுத்தாங்க. 2009ல நாயரும் ஜப்பான் ஆளுகளும் சேந்து எழுதினது. 30ல இருந்து 84 வயசு வரைக்கும் 69,958 பேரு, சராசரி பத்தரை வருஷம். 1,379 பேருக்கு புற்றுநோய், அதுல லுகேமியா 30. கதிர்வீச்சு கூடுதலா உள்ள வீட்ல இருந்தவங்களுக்கு புற்றுநோய் கூடுதலா வந்ததா தெரியல. கடலோரத்துல சில இடத்துல கதிர்வீச்சு வருஷத்துக்கு 70 மில்லிகிரே (கதிர்வீச்ச அளக்கிற அலகு) வரைக்கும் போகுது, அப்படி இருந்தும்.

ஆனா இதோட முடிஞ்சுதுன்னு நான் சொல்ல மாட்டேன். லுகேமியா 30 பேருன்னா ரொம்ப கம்மி, சின்ன அளவுல ஒரு பாதிப்பு இருந்தா அந்த எண்ணிக்கைல தெரியாமலே போயிரலாம். முப்பது வயசுக்கு கீழ உள்ள பிள்ளைங்க அந்தக் கணக்குல இல்ல. ஹிரோஷிமால விழுந்தது ஒரே நொடில, இங்க ஆயுசு பூரா துளித்துளியா, ரெண்டயும் ஒரே தராசுல வைக்க முடியாது. கருநாகப்பள்ளி கணக்கு கருநாகப்பள்ளிக்கு, நம்ம கடலோரத்துக்கு நம்ம கணக்கு தனியா எடுக்கணும். மணல் தோண்டக் கூடாதுன்னு போராடுறவங்களுக்கு கடலரிப்பு, குடிதண்ணி, தொழில்னு எத்தனையோ நியாயம் இருக்கு. அதுக்கு ஒரு நோயாளிய சாட்சியா நிறுத்த வேண்டாம். அவிய வீட்டுக்காரங்க இப்பவே, அந்த வீட்ட விட்டு முன்னாடியே போயிருக்கணுமோன்னு ராத்திரி தூங்காம கிடப்பாவ.

மணவாளக்குறிச்சி 1909

கடைசில சொன்னது சரி தான். அக்கா மனசு கஷ்டப்பட்டிருந்தா மன்னிச்சுக்கோங்க. நம்ம கடலோரத்துக்குன்னு தனிக் கணக்கு எடுக்கணும்ங்கிறத நான் விடப்போறதில்ல.

கடலோரக்காரி

மன்னிப்பெல்லாம் வேண்டாம் அண்ணே. மாமிக்கு எல்லாத்தயும் வாசிச்சு காட்டினேன், அந்த 22 பேரு விஷயத்த ரெண்டு வாட்டி வாசிக்கச் சொன்னாவ. அத்தானுக்கு வெள்ளணு 1,900, ப்ளேட்லெட் 24,000ன்னு முதல் ரிப்போர்ட்ல இருக்கு. கேப்சூலும் குடுக்கிறாவ. நேத்து ராத்திரி மூச்சு வாங்கிச்சு, காய்ச்சல், கால் வீக்கம், உடனே ஏதோ ஊசி போட்டாவ, இப்ப பரவாயில்ல. அது ஏன்? அப்புறம் மஜ்ஜை மாத்தணுமா? அதுக்கு எங்க போய் காசு பிரட்ட?

பழைய வார்டு அக்கா

மோளே, நான் கல்குளம் பக்கம், ஹெமட்டாலஜி வார்டுல நர்ஸா இருந்தவ. அந்த மூச்சு வாங்கினது, டிஃபரன்ஷியேஷன் சிண்ட்ரோம்னு சொல்லுவோம், அதுவா இருக்கலாம், டாக்டர்ட்ட கேளு. மருந்து வேலை செய்ய ஆரம்பிச்சதும் நின்னு போன செல்லு எல்லாம் ஒரே நேரத்துல வளரும், அதுல இருந்து வர்ற பொருள் நுரையீரல்ல நீர் கட்டும், எடை கூடும், காய்ச்சல் அடிக்கும். டெக்சாமெத்தசோன் உடனே போட்டா அடங்கும். அந்த ஊசி தான் போட்டிருப்பாங்க. இனியும் தினமும் காலைல எடை பாக்க சொல்லு, மூச்சு லேசா முட்டினாலே மணி அடிச்சு கூப்பிடணும், விடியட்டும்னு இருக்கக் கூடாது.

மஜ்ஜை மாத்துறதுக்கு இப்ப அவசியமே இருக்காது. வேலூர்ல 1986லயே மாமன் சாண்டி சார் காலத்துல மஜ்ஜை மாற்று ஆரம்பிச்சாச்சு, அந்த ஆஸ்பத்திரியே இந்த நோய்க்கு முதல்ல மருந்து தான் குடுக்குது. மாத்து சிகிச்சை எல்லாம் நோய் திரும்பி வந்தவங்களுக்கு யோசிக்கிறது. காசு பிரட்டுறத விட்டுட்டு, இன்சூரன்ஸ் கார்டு அங்க செல்லுமா, எந்த பேப்பர் வேணும்னு ஆஸ்பத்திரி சமூகப் பணியாளர்ட்ட நாளைக்கே கேளு.

வேலூர் முறைல ரெமிஷன் வர்ற வரைக்கும் தினமும், அப்புறம் நாலு வாரம் இடைவெளி, மறுபடி நாலு வாரம், அதுக்கப்புறம் மாசத்துல பத்து நாளுன்னு ஆறு மாசம். திருவனந்தபுரத்துல கால அளவு வேற மாதிரி வச்சிருப்பாங்க, அவங்க சொல்றது தான் கணக்கு. பலரும் தப்பு பண்றது இந்த இடத்துல தான். ரெமிஷன்னு சொன்ன உடனே ஆளு நல்லா சாப்பிடும், வள்ளத்துக்குப் போகணும்னு துடிக்கும், அடுத்த கோர்ஸுக்கு வராது. விடவே கூடாது. பிசிஆர்னு ஒரு டெஸ்ட்ல அந்த பிஎம்எல்-ராரா துளி மிச்சம் இருக்கான்னு பாப்பாங்க, அது இல்லன்னு வந்த பிறகும் சொன்ன தேதிக்குப் போகணும். வலிக்குதுன்னு கடையில ஆஸ்பிரின், டைக்ளோஃபெனாக் வாங்கிக் குடுக்காதீங்க. இடுப்புல கையில ஊசி வேண்டவே வேண்டாம்.

மருந்துக்கடை மார்த்தாண்டம்

ஆமா, எங்க கடைக்கு வர்றவங்கட்டயும் இத சொல்லிட்டு இருக்கேன். காய்ச்சலோட ஈறுல ரத்தமும் இருந்தா டெங்கு கார்டு டெஸ்டோட நிறுத்தாம பெரிஃபெரல் ஸ்மியர் ஒண்ணு எழுதிக் கேளுங்க, செலவு ரொம்ப கம்மி.

கடலோரக்காரி

ரொம்ப நன்றி அக்கா, எடை பாக்க சொல்லியாச்சு. ப்ளேட்லெட்டுக்கு இன்னும் ஆளு வேணும்னு சொல்றாவ, சொந்தக்காரங்க எல்லாரும் ஒரு சுத்து குடுத்தாச்சு. அத்தானுக்கு ஓ பாசிட்டிவ்.

களியக்காவிளை பஸ் ஸ்டாண்டு

அக்கா நான் ஓ பாசிட்டிவ், களியக்காவிளைல வேலை, திருவனந்தபுரம் பக்கம் தான். மெஷின்ல ப்ளேட்லெட் மட்டும் எடுக்கிறதுன்னா ஒண்ணு ரெண்டு மணி நேரம் உக்காரணும், எனக்கு பிரச்சனை இல்ல. ஆஸ்பிரின் எதுவும் சாப்பிடல. கூட வேலை செய்ற ரெண்டு பேரயும் கேட்டுட்டேன், ஒருத்தன் வர்றான், இன்னொருத்தனுக்கு கை நரம்பு சரியா கிடைக்குமான்னு அங்க போய் தான் பாக்கணும். தனிச் செய்தில நம்பர் அனுப்பியிருக்கேன், எந்த கிழமை, எத்தன மணிக்கு வரணும்னு மட்டும் சொல்லுங்க.